தீர்ப்பு வெளியிலிருந்து வரட்டும்: மெய்நிகர் கணினியில் கர்னல் சோதனை

சாதாரண நிரல் ஒன்றுக்குச் சோதனை எழுதும்போது நாம் யோசிக்காமலே ஒன்றை நம்பிவிடுகிறோம். நிரல் கவிழ்ந்தாலும் அதைச் சோதிக்கும் கருவி கவிழாது என்பதுதான் அது. நிரல் தனக்கு உரிமையில்லாத மெமரியைத் தொட்டால் இயங்குதளம் அதைக் கொன்றுவிட்டு, என்ன ஆயிற்று என்ற தகவலை அதை ஓட்டிய ஸ்கிரிப்ட்டிடம் கொடுத்துவிடும். கர்னலைச் சோதிக்கும்போது இந்த நம்பிக்கைக்கு இடமில்லை. கொல்ல வேண்டியதும் தகவல் சொல்ல வேண்டியதும் கர்னல்தான். விழுந்து கிடப்பதும் அதுவேதான். சோதனை ஸ்கிரிப்ட், முடிவை எழுதும் கோப்பு, அந்தக் கோப்பை டிஸ்க்கில் சேர்க்கும் கோப்பு முறைமை, வெளியே அனுப்பும் நெட்வொர்க் என்று எல்லாமே சோதனைக்கு உள்ளான அதே கர்னலின் தயவில் ஓடுகின்றன. பரீட்சை எழுதுகிறவனே விடைத்தாளையும் திருத்தினால் அந்த மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாமோ, கர்னலுக்குள்ளிருந்து வரும் ‘எல்லாம் சரி’ என்ற வரியையும் அவ்வளவுதான் நம்பலாம். கர்னல் சோதனையின் தீர்ப்பைக் கர்னலுக்கு வெளியே நிற்கும் ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். மெய்நிகர் கணினி, அதாவது எல்லோரும் விஎம் என்று சொல்வது, மலிவானது, வேகமானது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதை இங்கே நாடுவதற்கு முதற்காரணம், உள்ளே ஓடும் கெஸ்ட் செத்தாலும் சாகாத ஒரு சாட்சியை அது வெளியே இருக்கும் ஹோஸ்ட்டில் உட்கார வைக்கிறது என்பதே.

2024 ஜூலை 19 அன்று நடந்ததை எடுத்துக்கொள்வோம். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறிய தரவுக் கோப்பை அனுப்பியது. அந்த மென்பொருளின் ஒரு பகுதி விண்டோஸ் கர்னலுக்குள் டிரைவராக ஓடுவது. மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. நிறுவனம் பிறகு வெளியிட்ட விளக்கத்தைப் படித்தால், சோதனையே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கோப்பைச் சரிபார்க்க ஒரு நிரல் இருந்தது; அது பார்த்துவிட்டுச் சரி என்றது. 21 மதிப்புகள் வரும் என்று அந்த நிரல் எடுத்துக்கொண்டது. டிரைவருக்குள் உண்மையில் வந்தவை 20. முந்தைய சோதனைகளில் 21ஆவது புலத்தில் ‘எது வந்தாலும் சரி’ என்ற குறி இருந்ததால், இல்லாத அந்த மதிப்பை யாரும் தொடவில்லை. இந்த முறை டிரைவர் தொட்டது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், கோப்பு போய்ச் சேர்ந்த கணினிகள் கிட்டத்தட்ட உடனே விழுந்தன. அந்தக் கோப்பை ஏற்றிய ஒரு விண்டோஸ் விஎம் பூட் ஆகிச் சில நிமிடங்கள் உயிரோடு இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கும் ஒரேயொரு படி, அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக இருந்திருந்தால் போதும். அதற்குப் பெரிய நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. ‘இருக்கிறாயா?’ என்று கேட்டால் போதும், ஆனால் கேட்பவர் வெளியே இருக்க வேண்டும்.

லினக்ஸ் பக்கத்திலும் ஒரு பழைய பாடம் உண்டு. 2008இல் 2.6.27 பதிப்பு உருவாகிக்கொண்டிருந்தபோது, அதன் முன்னோட்டக் கர்னல்களை ஓட்டிப் பார்த்த சிலருடைய இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் செயலற்றுப் போயின. கார்டிலேயே இருக்கும் நிரந்தர நினைவகம் அழிந்திருந்தது. முதல் சந்தேகம் அந்தக் கார்டின் டிரைவரான இ1000இ மீது விழுந்தது. உண்மையான குற்றவாளி, நெட்வொர்க்கோடு சம்பந்தமே இல்லாத எஃப்டிரேஸ் என்ற தடமறியும் பகுதி. தொடக்க வேலை முடிந்ததும் விடுவிக்கப்பட்ட நிரல் இடத்தை, அது இன்னும் தன்னுடையது என்று நினைத்து எஃப்டிரேஸ் திருத்தப் போனது. அதற்குள் அந்த முகவரிகள் கார்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. இந்தக் கதை இரண்டு பக்கமும் வெட்டும். கர்னலைச் சொந்தக் கணினியில் சோதித்தால் இழப்பது ஒரு ரீபூட் மட்டுமல்ல, வன்பொருளே போகலாம் என்பது ஒரு பக்கம். இந்தப் பிழையை ஒரு விஎம் அன்றைக்குப் பிடித்திருக்குமா என்று கேட்டால், அநேகமாகப் பிடித்திருக்காது என்பது மறுபக்கம். அந்த மறுபக்கத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மிகச் சிறிய சோதனையை எழுதுவோம். ஃபேப்ரிஸ் பெல்லார்டு 2003இல் வெளியிட்ட கியூஎமு என்ற எமுலேட்டரும், அதற்கு வன்பொருள் வேகம் தரும், 2007இல் 2.6.20 பதிப்போடு லினக்ஸுக்குள் சேர்ந்த கேவிஎம்மும் இருந்தால் போதும். கியூஎமுவுக்குத் தொகுத்த கர்னல் கோப்பை நேரடியாகக் கொடுக்கலாம். பூட்லோடர், டிஸ்க், நிறுவல் எதுவும் வேண்டாம். பிஸிபாக்ஸை வைத்துச் செய்த ஒரு சின்ன இனிட்ராம்எஃப்எஸ், அதற்குள் இனிட் என்ற ஷெல் ஸ்கிரிப்ட், கன்சோலைச் சீரியல் போர்ட்டுக்குத் திருப்பும் ஒரு கர்னல் அளவுரு, அவ்வளவே. இந்தச் சிறிய அமைப்பிலேயே பல பொறிகள் ஒளிந்திருக்கின்றன. பேனிக் ஆன கர்னல் இயல்பாக என்ன செய்யும் தெரியுமா? எதுவும் செய்யாது, அப்படியே நிற்கும். அதனால் பேனிக் அளவுருவை -1 என்று கொடுத்து, உடனே ரீபூட் ஆகச் சொல்ல வேண்டும். கியூஎமுவிடம் நோ-ரீபூட் என்று சொல்லிவைத்தால், கெஸ்ட் ரீபூட் ஆக முயலும்போது கியூஎமு வெளியேறிவிடும். இப்போது ஹோஸ்ட்டில் இருக்கும் ஸ்கிரிப்ட் கியூஎமுவின் வெளியேற்றக் குறியீட்டைப் பார்க்கிறது: 0. வெற்றி என்று பச்சைக்கொடி காட்டுகிறது. ஆனால் ஒழுங்காக அணைந்தாலும் 0, பேனிக் ஆகி ரீபூட் ஆக முயன்றாலும் 0. சும்மா வெளியேற்றக் குறியீட்டை மட்டும் பார்க்கும் சோதனை, எல்லாப் பேனிக்கையும் பாஸ் என்று எழுதிக்கொண்டே போகும். இன்னொரு வேடிக்கை, இனிட் ஸ்கிரிப்ட் வேலையை முடித்துவிட்டுச் சும்மா வெளியேறினாலும் கர்னல் பேனிக் ஆகும், ஏனென்றால் முதல் பிராசஸ் சாகக்கூடாது. கடைசி வரியில் பவர்ஆஃப் இல்லாத ஸ்கிரிப்ட் நல்ல கர்னலையும் பேனிக் ஆக்கும்.

ஆகவே வெற்றிக்கு ஓர் அடையாளம் வேண்டும். அது தானாக வந்துவிடக்கூடாத அடையாளமாக இருக்க வேண்டும். பலரும் செய்வது, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு தற்செயல் எண்ணைக் கர்னல் கட்டளை வரியில் அனுப்பி, எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு இனிட் அதைத் திரும்ப அச்சிடச் செய்வது. யோசனை நல்லதுதான், ஆனால் கர்னல் பூட் ஆகும்போதே தன் கட்டளை வரியை முழுதாக அச்சிடும். ஸ்கிரிப்ட் தேடும் எண் முதல் விநாடியிலேயே பதிவில் வந்துவிட்டது. அதன் பிறகு கர்னல் செத்தாலும் பாஸ்தான். எண்ணைத் தலைகீழாக்கி அச்சிடச் சொன்னால் இந்த ஓட்டை அடைபடும். இன்னும் உறுதியான வழி, கியூஎமுவின் ஐஎஸ்ஏ-டீபக்-எக்ஸிட் என்ற போலிச் சாதனம். கெஸ்ட் அதில் ஒரு மதிப்பை எழுதினால், அந்த மதிப்பை இரட்டித்து ஒன்றைக் கூட்டியதைக் குறியீடாகக் கொண்டு கியூஎமு வெளியேறும். விடை எப்போதும் ஒற்றைப்படை என்பதால் 0 ஒருபோதும் வராது. கெஸ்ட் 16ஐ எழுதினால் ஹோஸ்ட் 33ஐப் பார்க்கும். 33 வந்தால் மட்டுமே வெற்றி, மற்ற எல்லாம் தோல்வி என்று வைத்துக்கொள்ளலாம். சோதனை முடிவுகளைக் கர்னல் செய்திகளோடு ஒரே சீரியல் போர்ட்டில் கலக்காமல், இரண்டாவது போர்ட் ஒன்றைத் திறந்து அதில் மட்டும் அனுப்புவதும் நல்ல பழக்கம். நடுவரியில் ஒரு கர்னல் எச்சரிக்கை புகுந்து, ‘ஓகே’ என்ற சொல்லை இரண்டாக உடைத்துவிடும் தொல்லை இருக்காது.

அடுத்தது மௌனம். சோதனை தோற்றதாகச் சொன்னால் நமக்குத் தெரியும், ஒன்றுமே சொல்லாவிட்டால்? கர்னல் சோதனைகள் வெளியிடும் கேடாப் வடிவத்தின் பெரிய உபகாரம் இங்கேதான். எத்தனை சோதனைகள் வரப்போகின்றன என்பதை அது முன்கூட்டியே ஒரு வரியில் அறிவிக்கிறது. 14 என்று அறிவித்துவிட்டு 9 ஓகே மட்டும் வந்து பதிவு நின்றால், அந்த ஒன்பதைக் கொண்டாடக்கூடாது. பத்தாவது சோதனை கர்னலைக் கொன்றிருக்கிறது. தவிர்த்துவிட்டேன் என்ற முடிவையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். லினக்ஸின் கேசெல்ஃப்டெஸ்ட் தொகுப்பில் வெளியேற்றக் குறியீடு 4 என்றால் அந்தச் சோதனை ஓடவே இல்லை என்று பொருள். கர்னல் கான்ஃபிகில் ஒரு தேர்வு விடுபட்டால், ஒரு தொகுப்பு முழுவதும் 4, 4, 4 என்று தவிர்த்துக்கொண்டே போய்க் கடைசியில் ‘தோல்வி ஏதுமில்லை’ என்று முடியும். சிவப்பைவிட ஆபத்தான பச்சை இது. நேற்று ஓடிய சோதனை இன்று தவிர்க்கப்பட்டால் அதைத் தோல்வியாகவே எண்ணுங்கள். இந்தத் தர்க்கத்தைக் கடைசிவரை கொண்டுபோனது கூகுளில் டிமித்ரி வியூகோவ் தொடங்கிய சிஸ்காலர். அது தாறுமாறான சிஸ்டம் கால் வரிசைகளை உண்டாக்கி, விஎம்களுக்குள் இரவும் பகலும் ஓட்டுகிறது. வெளியே நிற்கும் மேலாளர் நிரல் கன்சோலைக் கவனித்துக்கொண்டிருக்கும். தொடர்பு அறுந்தது, வெளியீடு நின்றுபோனது ஆகிய இரண்டையும் அது பிழைகளின் தலைப்பாகவே பதிவு செய்கிறது. 2017 முதல் சிஸ்பாட் என்ற பெயரில் தானாக ஓடிவரும் இந்த ஏற்பாடு ஆயிரக்கணக்கான கர்னல் பிழைகளை வெளிக்கொண்டு வந்திருக்கிறது. நெட்பிஎஸ்டியின் அனிட்டா என்ற கருவியும் இதே வழியில்தான் போகிறது. கியூஎமுவுக்குள் நெட்பிஎஸ்டி நிறுவல் நிரலைத் தொடங்கி, சீரியல் கன்சோலில் வரும் கேள்விகளுக்கு மனிதர் போலவே பதில் தட்டி, நிறுவி, பூட் செய்து, சோதனைத் தொகுப்பை ஓட்டி, முடிவை வெளியிலிருந்து எடுத்துவரும். நிறுவல் நிரல் ஒரு கேள்வியில் திகைத்து நின்றால் அதுவும் தோல்விதான்.

மௌனத்துக்குக் காத்திருக்கும் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறுவது மிக எளிது. ஒரு பிராசஸ் எதற்காகவோ காத்து உறைந்துபோனால், லினக்ஸின் ஹங்-டாஸ்க் கண்காணிப்பான் இயல்பாக 120 விநாடிக்குப் பிறகுதான் அதன் ஸ்டாக்கை அச்சிடும். உங்கள் வெளிச் சாட்சியின் டைம்அவுட் 60 விநாடி என்றால், கர்னல் வாய்திறப்பதற்கு முன்பே விஎம்மைக் கொன்றுவிடுகிறீர்கள். தோல்வி என்று தெரியும், எங்கே என்று தெரியாது. கெஸ்ட்டில் அந்த 120ஐக் குறைக்கலாம், அல்லது வெளி டைம்அவுட்டை அதற்கு மேல் வைக்கலாம். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் விட்டால், உறைந்துபோகும் பிழைகள் எல்லாமே ‘நேரம் முடிந்தது’ என்ற ஒரே வரியாகக் குவிந்து, கொஞ்ச நாளில் யாரும் அவற்றைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

உயிரோடு இருக்கும் கர்னல் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. மெமரியை விடுவித்த பிறகும் தொடும் பிழை, பத்தில் ஒன்பது முறை எந்தச் சத்தமும் இல்லாமல் கடந்துபோகும். கர்னலுக்குள்ளேயே இதற்கான உளவாளிகள் இருக்கிறார்கள். 2015இல் 4.0 பதிப்பில் சேர்ந்த கேசான், ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் கணக்கு வைத்துக்கொண்டு, விடுவித்த மெமரியைத் தொட்டவுடன் புகார் செய்யும். இங்கோ மோல்னார் எழுதி 2006இல் சேர்ந்த லாக்டெப், பூட்டுகள் எடுக்கப்படும் வரிசையை நினைவில் வைத்திருந்து, ஓரிடத்தில் அ-ஆ என்றும் வேறிடத்தில் ஆ-அ என்றும் எடுக்கப்பட்டால், முட்டல் நடக்காதபோதே எச்சரிக்கும். இவை கர்னலின் வேகத்தையும் மெமரியையும் தின்பவை. யாரும் தங்கள் சர்வரில் போட்டுக்கொண்டு ஓட்ட மாட்டார்கள். விஎம்மில் ஓட்டலாம், ஓட்டத்தான் வேண்டும். ஆனால் இவர்கள் எழுப்பும் எச்சரிக்கை பதிவில் ஆயிரமாவது வரியாக வந்துவிட்டுப் போகும். சோதனை ஸ்கிரிப்ட்டோ தன் வேலை முடிந்தது என்று ஓகே சொல்லும். அதனால் எச்சரிக்கை வந்தாலே பேனிக், ஊப்ஸ் வந்தாலே பேனிக் என்று கெஸ்ட்டுக்கு அளவுருக்களைக் கொடுத்துவிடுங்கள். உள்ளே முணுமுணுக்கும் சந்தேகத்தை வெளியே தெரியும் மரணமாக மாற்றுவதுதான் நோக்கம். மரணத்தை மட்டும்தான் வெளியே இருப்பவர் ஐயமில்லாமல் பார்க்க முடியும். உற்பத்திச் சூழலில் இந்த அமைப்பு கொடூரம். தூக்கி எறியும் விஎம்மில் இதற்குச் செலவே இல்லை.

இனி ஆட்சேபங்கள். எல்லாவற்றிலும் கனமானது இது: விஎம் உண்மையான வன்பொருள் அல்ல, லினக்ஸ் நிரலில் பாதிக்கு மேல் டிரைவர்கள், போலிச் சாதனங்களை வைத்துக்கொண்டு எதைச் சோதித்துவிட முடியும்? இதில் உண்மை இருக்கிறது. மேலே சொன்ன இ1000இ பிழை, விடுவித்த முகவரியில் உண்மையான கார்டு வந்து உட்கார்ந்ததால்தான் அவ்வளவு கொடுமையாக வெளிப்பட்டது. மின்னழுத்தம், சூடு, சஸ்பெண்டிலிருந்து எழும்போது பயாஸ் செய்யும் குளறுபடி ஆகியவை கியூஎமுவுக்குள் வரவே வராது. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். டிரைவர்களில் மிகக் குறைவாகச் சோதிக்கப்படும் பகுதி, பிழை நேரும்போது ஓடும் பாதை. நல்ல டிஸ்க் கேட்டவுடன் பழுதாகித் தராது. போலி டிஸ்க் தரும். மெமரி ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கச் செய்யும் வசதி லினக்ஸில் 2.6.20 முதலே இருக்கிறது. வைஃபை அடுக்கைச் சோதிக்க, ஒரே கர்னலுக்குள் பல பொய் ரேடியோக்களை உருவாக்கும் மேக்80211-எச்டபிள்யூசிம் என்ற டிரைவரே எழுதப்பட்டிருக்கிறது. திரைக்கு விகேஎம்எஸ், நெட்வொர்க் கார்டுக்கு நெட்டெவ்சிம், டிஸ்க்குக்கு எஸ்சிஎஸ்ஐ-டீபக் என்று வரிசை நீளும். டிரைவர்களை எழுதுகிறவர்களே உட்கார்ந்து இத்தனை பொய்ச் சாதனங்களைச் செய்திருக்கிறார்கள் என்பதை நான் வலுவான சான்றாக எடுத்துக்கொள்கிறேன். மேலும், உண்மையான வன்பொருளில் சோதிப்பவர்களும் அதே விதிக்குத்தான் கட்டுப்படுகிறார்கள். கர்னல்சிஐ திட்டத்தின் ஆய்வகங்களில் அலமாரி அலமாரியாக இருக்கும் போர்டுகளை லாவா என்ற மென்பொருள் ஓட்டுகிறது. சீரியல் கம்பி வழியாகக் கேட்பது, கேட்கவில்லை என்றால் மின்சாரத்தைத் துண்டித்துத் திரும்பக் கொடுப்பது என்று அங்கேயும் நீதிபதி வெளியேதான் இருக்கிறார். ஆக, விஎம்மா வன்பொருளா என்பது எதை முதலில் செய்வது என்ற கேள்விதான். பேட்ச் ஒவ்வொன்றும் விஎம்மைத் தாண்டட்டும். தாண்டியவை போர்டுக்குப் போகட்டும்.

இரண்டாவது ஆட்சேபம் நேரத்தைப் பற்றியது. இரண்டு சிபியூக்கள் ஒரே தரவை ஒரே கணத்தில் தொடுவதால் வரும் ரேஸ் பிழைகள் ஒருமுறை வரும், பத்து முறை வராது. விஎம்மில் அவை இன்னும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சரிதான். லினக்ஸில் 2007இல் புகுந்து 2016இல்தான் திருத்தப்பட்ட டர்ட்டி கவ் என்ற பாதுகாப்புப் பிழை அப்படியொரு ரேஸ்தான். ஒன்பது வருடம் எல்லோருடைய சோதனைக்கும் தப்பியிருந்தது. இதில் ஒரு எல்லையைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இன்டெல் கணினியில் ஏஆர்எம் கர்னலைக் கியூஎமு மொழிபெயர்த்து ஓட்டும்போது, ஏஆர்எம் சிப்புக்கே உரிய தளர்வான மெமரி வரிசைப் பிழைகள் வெளிப்படாது, ஏனென்றால் கீழே ஓடும் இன்டெல் சிப் அவ்வளவு தளர்வானது அல்ல. அதற்கு ஏஆர்எம் கணினியிலேயே கேவிஎம் வேண்டும். ஆனால் ‘எப்போதாவது வரும் பிழை’ என்பதே விஎம்மைக் கைவிடச் சொல்லும் காரணம் ஆகாது. அது விஎம்மைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லும் காரணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லினக்ஸ் பதிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கமிட்டுகள் வரும். எந்தக் கமிட்டில் பிழை புகுந்தது என்பதைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட், சுமார் 14 படிகளில் விடை சொல்லும். தேடும் பிழை மூன்றில் ஒருமுறைதான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு முறை ஓட்டினால், கெட்ட கர்னலை நல்லது என்று சொல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. தேடல் கிட்டத்தட்ட நிச்சயமாகத் தவறான கமிட்டில் போய் நிற்கும், அதை எழுதியவரும் வீணாகத் திட்டு வாங்குவார். பத்து முறை ஓட்டினால் படிக்கு 1.7 சதவீதம், கெட்ட கர்னல் ஏழு படிகளில் வந்தால் மொத்தத்தில் சுமார் ஒன்பதில் ஒரு பங்கு தவறு. இருபது முறை ஓட்டினால் படிக்கு 0.03 சதவீதம். ஒரு சிறிய கர்னல் கேவிஎம்மில் சில விநாடிகளில் பூட் ஆகிவிடும் என்பதால் இருபது முறை பெரிய விஷயமில்லை. மேசைமேல் இருக்கும் கணினியை ஒரே மாலையில் 280 முறை ரீபூட் செய்ய யாரிடம் பொறுமை இருக்கிறது? பைசெக்டுக்கு ஸ்கிரிப்ட் எழுதும்போது, கர்னல் தொகுபடவே இல்லையென்றால் 125 என்ற குறியீட்டோடு வெளியேறுங்கள். அந்தக் கமிட்டை நல்லது என்றோ கெட்டது என்றோ எண்ணாமல் அது தாண்டிப்போகும்.

பூட் செய்யவே வேண்டாம், கர்னல் நிரலைச் சாதாரணப் பிராசஸாக ஓட்டிச் சோதிக்கலாமே என்பவர்களும் உண்டு. 2020 ஜனவரியில் வந்த 5.5 பதிப்பில் சேர்ந்த கேயூனிட் அப்படித்தான் இயல்பாக ஓடுகிறது: ஜெஃப் டைக் உருவாக்கிய யூசர்-மோட் லினக்ஸுக்குள், ஹோஸ்ட்டில் ஒரு பிராசஸாக. பட்டியல், எண்கணக்கு, சரம் பிரித்தல் போன்ற தனித்த பகுதிகளுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது, தயங்காமல் பயன்படுத்துங்கள். இதில் முரண் எதுவும் இல்லை. கேயூனிட்டின் முடிவைப் படிப்பதும் வெளியே ஓடும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்தான். அறிவித்த எண்ணிக்கை வராவிட்டால் கவிழ்ந்ததாக அது எழுதிக்கொள்ளும். அதே ஸ்கிரிப்ட்டிடம் கட்டமைப்பின் பெயரைச் சொன்னால் கியூஎமுவிலும் ஓட்டும். அன்றாட வேலைக்கு ஆண்ட்ரியா ரிகி பராமரிக்கும் விர்ட்மி-என்ஜியும் கைக்கு அடக்கமானது. இப்போதுதான் தொகுத்த கர்னலை, உங்கள் கணினியின் கோப்புகளையே ரூட்டாகக் காட்டி, டிஸ்க் இமேஜ் எதுவும் செய்யாமல் பூட் செய்துவிடும். ஒரு எச்சரிக்கை: வாடகைக் கணினிகளில் பல இடங்களில் கேவிஎம் கிடைக்காது. அப்போது கியூஎமு மென்பொருள் மொழிபெயர்ப்பில் ஓடும், வேகம் பல மடங்கு குறையும், டைம்அவுட்கள் வரிசையாகச் சிவக்கும். கேவிஎம் இல்லையென்றால் ஓடவே ஓடாதே என்று கட்டளையில் சொல்லிவிடுவது மேல். மெதுவான ஓட்டத்தால் வந்த தோல்வியையும் கர்னலால் வந்த தோல்வியையும் பிறகு பிரிக்க முடியாது.

கோப்பு முறைமையைச் சோதிப்பவர்கள் ஒன்றில் ஏமாந்துவிடக்கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கியூஎமுவைக் கொன்றுவிட்டு, மீண்டும் பூட் செய்து, கோப்புகள் சரியாக இருக்கின்றன என்று பார்ப்பது மின்தடைச் சோதனை ஆகாது. கெஸ்ட் டிஸ்க்குக்கு அனுப்பிய தரவு பெரும்பாலும் ஹோஸ்ட்டின் மெமரியில் பத்திரமாக இருக்கும். உண்மையான மின்தடையில் அது போயிருக்கும். நீங்கள் சோதித்தது கர்னல் மரணத்தை மட்டும். மின்தடையைச் சோதிக்க, ஒவ்வொரு எழுதலையும் ஃப்ளஷையும் வரிசையாகப் பதிந்துகொண்டு, எந்தப் புள்ளியிலும் நிறுத்தித் திரும்ப ஓட்டிக்காட்டும் டிஎம்-லாக்-ரைட்ஸ் லினக்ஸ் 4.1இலிருந்து இருக்கிறது. எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பு அதைப் பயன்படுத்துகிறது. இந்தத் துறையில் சோதனையை எந்தக் கிளையில் ஓட்டுவது என்பதும் முக்கியம். 2023 டிசம்பரில் 6.1.64 என்ற நிலைப்பதிப்பில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை தரவைச் சிதைத்தது. டெபியன் தன் 12.3 வெளியீட்டையே தள்ளிவைத்தது. அதற்குக் காரணமான திருத்தம் முதன்மைக் கர்னலில் சரியாகவே இருந்தது. அது நம்பியிருந்த வேறொரு மாற்றம் இல்லாமல் பழைய கிளைக்கு எடுத்துவந்தபோதுதான் விஷமானது. முதன்மைக் கிளையில் பச்சை வந்தது என்பது பழைய கிளைக்குச் சான்றாகாது. ஒவ்வொரு கிளையும் தன் தீர்ப்பைத் தானே வாங்க வேண்டும்.

நீதிபதியையும் ஒருமுறை சோதித்துவிட்டே பணியில் அமர்த்துங்கள். எந்தப் பேட்சையும் அனுப்பிப் பார்ப்பதற்கு முன், வேண்டுமென்றே கெட்டுப்போன கர்னலைக் கொடுத்து உங்கள் ஸ்கிரிப்ட் சிவப்பு காட்டுகிறதா என்று பாருங்கள். இதற்கென்றே லினக்ஸில் எல்கேடிடிஎம் என்ற மாட்யூல் இருக்கிறது. டீபக்எஃப்எஸ்ஸில் அதன் கோப்பில் ஒரு சொல்லை எழுதினால் போதும். பேனிக், எச்சரிக்கை, சிபியூ சுழற்சியில் மாட்டிக்கொள்வது, பிராசஸ் உறைந்துபோவது என்று கேட்ட மரணத்தை அது தரும். இந்த நான்கையும் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஐந்தாவதாக, இனிட் ஸ்கிரிப்ட்டிலிருந்து சோதனைகளை மொத்தமாக எடுத்துவிட்டு வெறுமனே அணையச் சொல்லுங்கள். ஐந்துக்கும் சிவப்பு வந்தால்தான் அந்த ஸ்கிரிப்ட் காட்டும் பச்சையை நம்பிப் பேட்சை அனுப்பலாம்.